கருப்பு யாரைத் தண்டிக்கும்?

1990களின் பிற்பாதியில், திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த வரிசையில் ஒரு வீட்டில்தான் கேபிள் இணைப்பு உண்டு. சன் டி.வி.யில் 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' ஒளிபரப்பாகும் இரவுகளில் அந்த வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது, இயக்கியவர் நாகா, தயாரித்தது கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள்.

கிராமத்தில் தவறு செய்தவர்கள் மர்மமாகச் சாகிறார்கள். காவல் தெய்வம் கருப்பசாமி குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. முடிவிலோ, வந்தவன் மனம் பிளவுண்ட ஒரு மனிதன் என்று தெரிகிறது. பகுத்தறிவாளருக்கு மனநோய் விளக்கம் கிடைத்துவிடுகிறது. பக்தரோ, அவனுக்குள் இறங்கியது சாமிதான் என்று எண்ணிக்கொள்ளலாம். இரு தரப்பையும் பகைத்துக்கொள்ளாத சாமர்த்தியம் என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. நம் ஜனங்களின் மனம் அப்படித்தான் இருக்கிறது.

என் குறை வேறு. போலீசும் கோர்ட்டும் இருக்கிற நாட்டில் ஓர் ஊருக்குக் கருப்பு ஏன் தேவைப்படுகிறது? தொடர் இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து, 'கருப்பு யார்?' என்ற துப்பறியும் சுவாரசியத்தில் திரும்பிவிடுகிறது.

எங்களோடு உட்கார்ந்து பார்த்த பெரியவர் ஒருவர், மூடிக்கிடந்த ஆலையின் தொழிலாளி. வழக்கு வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. "நம்ம கேசுக்கும் ஒரு கருப்பு வந்தா தேவலாம்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இன்று அதை நினைத்தால் ஒன்று தோன்றுகிறது. பாவத்துக்கு முகம் இருந்தால்தான் கருப்பு வர முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இங்கே குதிரை எந்த வாசலில் நிற்கும்? உத்தரவுக்கும் கையெழுத்துக்கும் கோப்புக்கும் கழுத்து ஏது?

அநீதியைத் தனிமனிதர் பாவமாகச் சுருக்குவதுதான் இத்தகைய கதைகளின் அரசியல். சாட்சியும் இல்லை, அப்பீலும் இல்லை. தீர்ப்பு ஒரே இரவில் முடிகிறது. அதனால்தான் அது இனிக்கிறது. ரசித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் மறுநாள் காலையிலும் வாய்தாவுக்குத்தான் போனார்.