ஓய்வுபெற்ற சர்வருக்கு ஒரு வரி

லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் எனக்கு மிகப் பிடித்தது டிநாட் விதி. பழைய சர்வரின் இன்ன போர்ட்டுக்கு வருவதைப் புதிய முகவரிக்கு அனுப்பு என்கிற ஒரே வரி.

கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றை வைத்துக்கொள்வோம். அதன் எடைமேடைக் கணினி தினமும் லாரிக் கணக்கை ஈப்போ அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அங்கே சர்வரை மாற்றி, டிஎன்எஸ்ஸிலும் திருத்தியாயிற்று. ஆனால் எவரோ அந்தக் கணினியில் பெயருக்குப் பதிலாக 192.168.10.5 என்று எண்ணையே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இப்படிப்பட்ட கணினிகளுக்காகத்தான் பழைய பெட்டியை அணைக்காமல் விதி எழுதுகிறோம். தோட்டத் துண்டாடலுக்குப் பின் டவுனுக்குப் போய்விட்டவர் பேருக்கு வரும் கடிதத்தில், உறையைப் பிரிக்காமல் முகவரியை மட்டும் அடித்து எழுதித் தபாலில் போடும் கிராணி செய்யக்கூடிய வேலை இது.

நுணுக்கம், இணைப்புகளை நினைவில் வைக்கும் கான்டிராக்கில் இருக்கிறது. ஒவ்வோர் இணைப்பிலும் முதல் பாக்கெட்தான் நாட் விதிகளைப் பார்க்கும். முடிவை கெர்னல் குறித்து வைத்துக்கொள்ளும். பின்னால் வருபவை விசாரணையின்றிப் போய்ச் சேரும். பதில் பழைய பெட்டி வழியாகத் திரும்பும்போது முகவரி தானாகப் பழையதாகிவிடும். எடைமேடைக் கணினிக்கு ஆள் மாறியதே தெரியாது. இதற்கெல்லாம் அடித்தளம், ரஸ்டி ரஸ்ஸல் 1998இல் தொடங்கிய நெட்ஃபில்டர். அது 2001இல் லினக்ஸ் 2.4 மூலம் நம் கைக்கு வந்தது. 2014இல் என்எஃப்டேபிள்ஸ் வந்தபின் எழுதும் முறை மாறியது, சூட்சுமம் மாறவில்லை. (ஐபி ஃபார்வர்டை 1 ஆக்காவிட்டால் இப்படித் திருப்பிவிடும் விதி பலிக்காது, ஆளைச் சுற்றவைப்பது பெரும்பாலும் இதுதான்.)

குறையும் உண்டு. புதிய சர்வர் நேராகப் பதில் அனுப்பினால், யாரோ பேசுகிறார்கள் என்று எடைமேடைக் கணினி தள்ளிவிடும். அதனால் அனுப்புநர் முகவரியையும் மாற்றிவிடும் மாஸ்கரேட்டை போஸ்ட்ரவுட்டிங்கில் போடுகிறோம். உடனே புதிய சர்வரின் லாகில் திருப்பிவிட்ட எல்லாருக்கும் ஒரே முகவரி, பழைய பெட்டியினுடையது! எனக்கு இது உறுத்தும். தேர்ந்த கை டிநாட்டுக்கு முன்னால் ஒரு லாக் விதியையும் வைத்துவிடும். இணைப்புக்கு ஒரு வரியாக, உண்மையில் வந்தது யார் என்பது அங்கே பதிவாகும். பின்னால் வைத்தால் பயனில்லை, டிநாட்டைத் தொட்ட பாக்கெட் அதற்குமேல் இறங்கி வராது.

ரசிகன் தினமும் எட்டிப்பார்ப்பது விதியின் பக்கத்தில் நிற்கும் எண்ணிக்கையை. நாட் அட்டவணையில் அது பாக்கெட் கணக்கு என்று தலைப்பிட்டிருந்தாலும், முதல் பாக்கெட் மட்டுமே அங்கு வருவதால், உண்மையில் இணைப்புக் கணக்கு. இது புரியாதவர்கள் சிறிய எண்ணைக் கண்டு யாரும் வரவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். எண் ஏறாமல் நின்ற மறுநாளே பெட்டியை அணைக்க வேண்டாம். சில நிரல்கள் மாதக் கடைசியில், சம்பளக் கணக்கு முடிக்கும்போதுதான் வரும். ஒரு கணக்கு முடிப்பும் தாண்டி எண் அசையாதிருந்தால் தாராளமாக அணைக்கலாம்.