எட்டு வாள்களுக்கு நடுவே நிற்பவள்

டாரட் அட்டைகளை வைத்து எதிர்காலம் சொல்வது ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்தாலும், அட்டையைப் பார்த்துத் தன்னைத் தானே அறிந்துகொள்ளச் சொல்லும் போக்கு இப்போது வலுத்திருக்கிறது. விளக்கப் புத்தகத்தை மூடி வை, எடுத்த அட்டையை உற்றுப் பார், முதலில் கண்ணில் படுவதையும் மனத்தில் எழுவதையும் கவனி. அதுவே உன் உள்ளுணர்வு, உன் பலமும் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். அட்டையும் குறிப்பேடுமாகத் தனியே உட்காரும் பழக்கம் பரவியதில், மேரி கே. கிரியர் 1984இல் எழுதிய பயிற்சி நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோசியத்தைச் சீந்தாதவர்கள்கூட இதை ஏற்கிறார்கள். நாளை நடப்பதைப் பற்றி இது வாய் திறப்பதில்லை அல்லவா? ஆகவே மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். இதில் பலன் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தப் பலனில் பெரும்பங்கு படம் வரைந்தவரின் கைத்திறனைச் சேர்ந்தது. படத்தைப் பாதியோடு நிறுத்திப் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

இந்தப் படங்கள் மனித ஆழ்மனத்தில் ஆதிகாலம் முதல் உறைந்திருப்பவை, அதனால்தான் பார்த்ததும் பேசுகின்றன என்பது இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. டாரட், 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் ஆடிய சீட்டாட்டம். எகிப்தியப் பூசாரிகளின் ஞானம் அதில் ஒளிந்திருப்பதாக 1781இல் கிளப்பிவிட்டவர் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தியச் சித்திர எழுத்தை அன்று படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாதது அவருக்கு வசதியாகப் போயிற்று. தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கதையைப் பிரித்துப் போட்டுவிட்டது. கதை போனால் போகட்டும், படம் பேசுகிறதே என்பார்கள். பேசுகிறதுதான். ஆனால் எந்த அட்டைக்கட்டு பேசுகிறது? பழைய மார்சேய் கட்டில் ‘ஐந்து கோப்பைகள்’ அட்டை என்றால் வெறும் ஐந்து கோப்பைகள், நடுவே கொஞ்சம் பூவேலை. அதைப் பார்த்து எந்த உள்ளுணர்வும் அதிகம் பேசிவிட முடியாது. 1909இல் லண்டன் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டில் அதே அட்டை ஒரு காட்சியாகிவிட்டது: கருப்பு அங்கி போர்த்திய ஒருவர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்துக் குனிந்து நிற்க, கவிழாத இரண்டு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. கட்டைத் திட்டமிட்டவர் ஏ. இ. வெயிட், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர் அவர். பொம்மை நாடகம் நடத்தியவர். நாடகத்தைப் பாதியில் நிறுத்தி வைக்கத் தெரிந்த கை. உள்ளுணர்வு என்று நாம் பெயர் சூட்டுவது பெரும்பாலும் அவர் விட்டுவைத்த இடைவெளியை நிரப்பும் வேலைதான். இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைத்த கூலி சொற்பம்.

நிரப்பும் வேலை என்பதால் அது அற்பமாகிவிடாது. கவலையில் இருப்பவர் தன் கதையைத் தனக்கே ஒரே தடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வார். குலுக்கி எடுத்த அட்டை, அவர் தேர்ந்தெடுக்காத ஒரு கோணத்திலிருந்து அந்தக் கதையைத் தொடங்கச் சொல்கிறது. டாரட் அட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கி ஒரு நாவலையே கட்டிய இத்தாலோ கால்வினோ, குருட்டுத் தேர்வின் இந்தப் பயனை நன்றாக அறிந்தவர். வேடிக்கை என்னவென்றால், பயிற்சி செய்பவர்களே இந்தப் பலனைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிடிக்காத அட்டை வந்தால் ‘தெளிவுக்காக’ இன்னொன்று, அதுவும் சரியில்லை என்றால் மற்றொன்று. மூன்றாவது அட்டைக்குள் பழைய தடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம்.

மனத்தில் எழுந்தது மெய்யாகவே தன்னைப் பற்றிய உண்மையா என்பது அடுத்த சிக்கல். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1949இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவும். 39 மாணவர்களுக்குத் தனித்தனி ஆளுமைக் கணிப்பு என்று சொல்லி, ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பத்தியை எல்லோருக்கும் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரி 4.26 மதிப்பெண் போட்டு அவர்கள் அதை மெச்சினார்கள். ‘எனக்கே எழுதினது மாதிரி இருக்கு’ என்ற சிலிர்ப்பு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது பிறர் எழுதிக் கொடுத்தது, இங்கே சொல்பவரும் கேட்பவரும் ஒருவரே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயம்தான், ஆனால் அது நிலைமையை மோசமாக்குகிறது. வேறொருவர் சொன்னால் ‘அப்படியில்லை’ என்று சொல்லவாவது வழி உண்டு. தானே எழுப்பிய பொருளைத் தானே சரிபார்க்கும்போது தவறு என்று தெரியவரும் வாசலே இல்லை. மைத்தடத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் போன்ற சோதனைகளைப் பயிற்சி பெற்றவர்கள் நடத்தியும் அவற்றின் நம்பகத்தன்மை பற்றிய சர்ச்சை பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. எழுந்த எண்ணத்தைக் கேள்வியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வேலையை விடுவதும் உறவை முறிப்பதும்தான் வினை.

‘தன் பலம்’ என்ற வாக்குறுதியை எட்டு வாள்கள் அட்டையில் வைத்துப் பார்ப்பது நல்லது; பயிற்சியாளர்கள் விரும்பிக் காட்டும் உதாரணம் அது. கண்ணைக் கட்டிய ஒரு பெண், உடம்போடு சேர்த்துத் துணியால் சுற்றிய கைகள், சுற்றிலும் தரையில் ஊன்றிய வாள்கள். கால்களில் கட்டு இல்லை, முன்பக்கம் திறந்தே இருக்கிறது. ஆகவே ‘சிறை உன் மனத்தில்தான், நடந்தால் வெளியே வந்துவிடலாம்’ என்று வாசிக்கிறார்கள். கழுத்துச் சங்கிலி தளர்வாகத் தொங்கும் சாத்தான் அட்டைக்கும் இதே வாசிப்புதான். படத்தில் உள்ளதைத்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் குன்றின்மேல் ஒரு கோட்டையும் இருக்கிறது. கையை யார் கட்டினார்கள்? வாள்கள் யாருடையவை? தன் கைகளைத் தானே உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள யாராலும் ஆகாது. பலத்தைத் தேடச் சொல்லும் வாசிப்பு இந்தக் கேள்விகளைத் தொடுவதில்லை, ஏனென்றால் பதில் பார்ப்பவரின் மனத்துக்குள் இல்லை. சம்பளம் தராத முதலாளியிடமும் கை ஓங்கும் கணவனிடமும் இருக்கிறது. வெளியே உள்ள தடையெல்லாம் உள்ளே உள்ள தயக்கமாக மாற்றப்பட்டதும், வெளியேறாதவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். இதைச் சொன்னால், எதுவுமே செய்ய முடியாது என்று முடங்கியவருக்கு ஓர் அடி வைக்கலாம் என்ற நினைப்பாவது வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அந்த ஓர் அடியை இந்தப் படம் தரவும் கூடும். ஆனால் எங்கே போக வேண்டும், யாரிடம் முறையிட வேண்டும், யார் துணை என்பது கோட்டையையும் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முதலில் கண்ணில் பட்டது போதாது; இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் பட வேண்டியதைத் தேடிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பவருக்கு உள்ளுணர்வை நம்பு என்ற அறிவுரை உதவிக்கு வராது.