ராத் தங்கல்

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை மாதிரி ஊரில் ஒரு பிள்ளை முதன்முதலாக வெளியே ராத் தங்குவது பெரும்பாலும் அம்மாச்சி வீட்டில்தான். அடுத்து அத்தை வீடு, பெரியம்மா வீடு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதே பிள்ளை ஆறு வயதில் வந்து, "இன்னைக்குக் கூட்டாளி வீட்லயே படுத்துக்கிறேம்மா" என்று கேட்டால் வீடு திடுக்கிடுகிறது. "ஏன், நமக்கு வீடு இல்லையா?" என்கிறாள் அம்மா. "அவுக என்ன நெனப்பாக?" என்கிறாள் அப்பத்தா. நகரத்து அடுக்ககங்களில் பிறந்தநாளோடு ஒட்டி வந்த வழக்கம் இப்போது இங்கேயும் பிள்ளைகளின் ஆசையாகிவிட்டது.

அனுப்பலாம் என்பது என் கட்சி. பிள்ளைக்குத் துணிச்சல் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், வரும்தான். எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. கூட்டாளி வீட்டுக்கு அனுப்பும்போதுதான் நாம் வாய் திறந்து கேள்வி கேட்கிறோம். அங்கே யார் யார் படுப்பார்கள்? பிள்ளைக்குப் பக்கத்தில் யார்? கழிப்பறை வீட்டுக்குள்ளா, கொல்லையிலா? கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இருக்கிறதா? உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பும்போது இதில் ஒன்றையும் கேட்பதில்லை. கேட்டால் மனத்தாங்கல்.

அந்த மௌனத்துக்குப் பிள்ளைகள் கொடுத்திருக்கும் விலை பெரிது. மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளிடம் அத்துமீறியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்றது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் உறவினர் செய்யும் குற்றத்தைக் கூடுதல் கடுமையோடுதான் பார்க்கிறது. சொந்தம் என்ற ஒரு சொல்லையே கதவுத் தாழ்ப்பாளாக நினைத்திருந்தோம். கூட்டாளி வீட்டுக்காகக் கேட்கப் பழகும் கேள்விகளை அத்தை வீட்டுக்கும் கேட்க ஆரம்பித்தால், இந்த வழக்கம் நமக்குச் செய்யும் பெரிய நன்மை அதுவாகவே இருக்கும்.

ஆனால் அம்மாச்சி வீட்டுக்குத் தெரிந்த ஒன்று கூட்டாளி வீட்டுக்குத் தெரியாது. அது ஏக்கம். தாயைப் பிரிந்த பிள்ளைக்கு ஏக்கத்தில் காய்ச்சல் வரும் என்று நம் பக்கம் சொல்வார்கள். அதனால்தான் பிள்ளையோடு அம்மாவின் பழைய சேலையையும் மடித்துக் கொடுத்தனுப்புவார்கள். அந்த வாசனையில் தூங்கிவிடும். குழந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் இப்படியான துணிக்கும் பொம்மைக்கும் உளவியலில் ஓர் இடம் தேடித் தந்தவர் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் வின்னிகாட். 1950களில் அவர் எழுதியதை நம் கிழவிகள் கையால் செய்துகொண்டிருந்தார்கள். கூட்டாளி வீட்டுக்குப் போகும் பையிலும் அந்தச் சேலை இருக்கட்டும். கேலி செய்வார்கள் என்று வெளியே எடுத்து வைத்துவிட வேண்டாம்.

படுக்கையை நனைப்பது அடுத்த சங்கடம். ஐந்து வயதில் 100க்கு 15 பிள்ளைகள் போல இரவில் நனைக்கிறார்கள். வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அம்மாச்சி பாயை அலசி வெயிலில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். கூட்டாளி வீட்டிலோ மறுநாள் அது வகுப்பறைக்குப் போகும். அந்த அவமானத்தை ஆறு வயது தாங்காது. அந்த வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுவதைத் தவிர வழியில்லை. கைபேசியும் அப்படித்தான். பெரிய பிள்ளைகள் போர்வைக்குள் என்ன பார்க்கிறார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு தயக்கம் கிடக்கிறது: அது எந்தத் தெருப் பிள்ளை? பள்ளியில் ஒரே பெஞ்சு, ஒரே சத்துணவு. இருட்டியதும் பாய் மட்டும் தெருவுக்குத் தெரு பிரிந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடித்த தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்ததும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகே அது வெளிப்பட்டது. பிள்ளையின் பாதுகாப்புக்காகத் தயங்குகிறோமா, சாதிக்காகத் தயங்குகிறோமா என்று பெற்றோர் தங்களுக்குள் நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது தயக்கத்துக்குக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கலாம். இரண்டாவதைப் பிள்ளையின் தலையில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

அடுத்தவர் வீட்டில் பிள்ளைகள் தங்குவது இங்கே முற்றிலும் புதிதும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஓட்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தளம் போட்ட வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒதுங்கினார்கள். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு உறவு வீட்டுக்கு வெளியே முதல் ராத் தங்கல் அதுதான்.

நகரத்தில் இல்லாத வசதி ஒன்று இந்த ஊர்களுக்கு உண்டு. கூட்டாளி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளை அழுகிறது என்று போன் வந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தே போய்த் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். வழியில், "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொல்லாமல் வர வேண்டும்.