மானும் பசுவும்: குலமுதல்வர் தொன்மம் குறித்து

வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கன்னியாகுமரி வடமொழிக் கல்வெட்டு சோழர் குலமுதல்வனைப் பற்றி ஒரு கதை கூறுகிறது. சோழன் என்னும் பெயருடைய அரசன் வேட்டைக்குச் செல்கிறான். மானுருக் கொண்ட அரக்கன் அவனைத் தெற்கே ஈர்க்க, அவன் காவிரிக் கரையை அடைகிறான். கிரேக்கத் தொன்மத்தில் காட்மசு, டெல்பித் தெய்வவாக்கின்படி ஒரு பசுவைப் பின்தொடர்ந்து, அது படுத்த இடத்தில் தீப்சு நகரை நிறுவுகிறான். ஈரிடத்தும் விலங்கே வழிகாட்டி. வந்தேறியவனே ஆளும் உரிமையாளன். ஏதென்சு மக்களோ தம் முதல் மன்னன் கெக்ராப்சு மண்ணினின்றே தோன்றியவன் என்றனர்.

இவ்வொப்புமை கொண்டு இரு நாட்டிற்கும் உறவு காண முற்படுதல் பொருந்தாது. கதை எம்மொழியில், எவர் பொருட்டு எழுதப்பெற்றது என்பதே ஆராயத்தக்கது. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் கதிரவனில் தொடங்கும் கொடிவழியை வடமொழிப் பகுதியே விரிக்கிறது. தமிழ்ப் பகுதி கொடைநிலத்தின் எல்லையையும் உரிமையையும் வரையறுக்கிறது. முதலாம் இராசேந்திரனின் தமிழ் மெய்க்கீர்த்தியும் வென்ற நாடுகளை அடுக்குகிறதேயன்றி மூதாதையரை அடுக்கவில்லை. இதனால் குலமுதல்வர் கதை முழுவதும் வடமொழிப் புலவர் புனைவு என முடிபு கட்டுவாரும் உளர். அது மிகை. புறாவின் பொருட்டுத் தன்னை ஈந்தவன் வழியினர் சோழர் என்னும் செய்தி சங்கப் பாடல்களிலேயே உண்டு. பழைய வித்து இங்கிருந்தது. அதனை மனு, இக்குவாகு வரிசையில் கோத்தது பிற்கால அரசவை.

பெங்களூரின் பெயர்க்கதையும் வேட்டைக் கதையே. காட்டில் வழிதவறிய போசள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த அவரை அளித்ததால் ஊர் பெயர் பெற்றது என்பர். ஆனால் அம்மன்னனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட பேகூர் வீரக்கல்லிலேயே அவ்வூர்ப்பெயர் காணப்படுகிறது. சுவைமிக்க கதைதான், காலக்கணக்கு இடம்தரவில்லை.

அந்நகரின் கிழக்கிலுள்ள வைட்ஃபீல்ட் நிலை வேறு. அதன் நிறுவுநர் டேவிட் இம்மானுவேல் சுடார்க்கன்பர்க் ஒயிட் ஆவணத்தில் உள்ளவர். 1882இல் யூரேசிய, ஆங்கிலோ-இந்தியக் குடியேற்றத்திற்கென மைசூர் அரசர் சாமராச உடையார் ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். இங்கு மானும் இல்லை, பசுவும் இல்லை. எனினும் இது வெற்றுநிலமன்று. அருகிலுள்ள காடுகோடியின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு பட்டந்தூர் ஏரி அமைக்கப்பெற்றதைக் குறிக்கிறது. நிலம் வழங்கிய உடையார் மரபோ, துவாரகையினின்று வந்த யதுராயரைத் தன் முதல்வராகக் கொண்டது.