கூரை யாருடையது?

'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லை எங்கே கண்டாலும் கொஞ்சம் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. எதை எதோடு சேர்க்கிறார்கள், சேர்க்கிறபோது எது வெளியே தள்ளப்படுகிறது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. சூரியத் தகடுகளைக் கூரைமேல் கொண்டுபோய் வைக்காமல், தகட்டையே கூரையாகவும் சுவராகவும் ஆக்கிவிடுவது என்ற கட்டிடக்கலைச் சொல்லாடலையும் இப்படித்தான் வாசிக்கணும்.

இதன் முன்மாதிரியாக எப்போதும் காட்டப்படுவது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில், ரோல்ஃப் டிஷ் வடிவமைத்த சூரியக் குடியிருப்பு. அங்கே தெற்கு நோக்கிச் சாய்ந்த தகடுகள்தான் கூரை. செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் தரும் வீடுகள் என்று பெருமை பேசுகிறார்கள். நியாயமான பெருமைதான். ஆனால் அது வடக்கே 48 பாகையில் இருக்கிற ஊர். நடுப்பகல் சூரியனுக்கு அங்கே ஆண்டு முழுக்கத் தெற்குதான் திசை.

சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் தெற்குச் சுவரில் பதித்த தகட்டின்மேல் உச்சி வெயில் நேராக விழவே விழாது. இங்கே கண்ணாடிக் கட்டிடத்தின் தெற்கு முகப்பில் தகடு பதிக்கிறவர் பெரும்பாலும் பிம்பத்தைத்தான் உற்பத்தி செய்கிறார். போதாததுக்கு, சூடு ஏற ஏறத் தகட்டின் திறன் குறையும்; ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம். பின்னால் காற்றுப் போக வழியில்லாமல் கூரையோடு ஒட்டிப் பதித்தால் இழப்பு இன்னும் கூடும்.

நம்ம ஊரில் கூரை வெறும் மூடியும் இல்லை. மொட்டை மாடியில் வடாம் காயுது, துணி காயுது, புழுக்க ராத்திரியில் பாய் விரிக்கிறாங்க. பெண்களின் உழைப்பும் ஓய்வும் கலந்த வெளி அது. வரைபடக்காரர் கண்ணுக்கு அது 'காலி இடம்'. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி என்று அளக்கத் தொடங்கிவிடுகிறார். புழங்குகிற நிலத்தைத் தரிசு என்று எழுதிவைத்த பழைய பார்வையின் தொடர்ச்சி இது. ஏழெட்டு அடி உயரத்தில் சட்டம் நிறுத்தித் தகட்டைப் பந்தலாகப் போட்டால் காற்று ஓடும், தகடும் குளிரும், கீழே நிழலும் கிடைக்கும். இரும்புச் செலவு கூடும், புயலுக்கும் தாங்கணும். ஆனாலும் நம் சூழலுக்கான ஒருங்கிணைப்பு பந்தலிலிருந்துதான் தொடங்க முடியும்.

இதைவிட அடிப்படையான கேள்வி உடைமை பற்றியது. 2011இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 300 சதுர அடி வீடு, ஐந்து சூரிய விளக்குகள். வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், விளக்குக்கு 30,000 ரூபாய். விளக்கு எரிந்த வீட்டில் பிள்ளை படித்தது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு ஒரு துறையின் வேலை, விளக்கு இன்னொரு துறையின் வேலை. ஒருங்கிணைப்பு தாளில்தான் நடந்தது. அதுக்கும் முன்னால், பயனாளியாக வேண்டுமென்றால் சொந்த மனைக்குப் பட்டா வேணும். ஏழையிலும் மனையுள்ள ஏழைக்குத்தான் சூரியன்.

2024இல் தொடங்கிய ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டம் இதே தர்க்கத்தை நடுத்தர வர்க்கத்துக்கு எடுத்துப் போகிறது. 78,000 ரூபாய் வரை மானியம், சொந்தக் கூரை உள்ளவருக்கு. வாடகைக்கு இருக்கிறவர், புறம்போக்கில் ஓலையோ தகரமோ போட்டிருக்கிறவர் இந்தப் பிரதியில் எங்கே? அவர்கள் கூரை தகட்டின் பாரத்தையே தாங்காது. அடுக்ககத்தில் மாடிச் சாவி யாரிடம் இருக்கு என்று கேட்டுப் பாருங்கள், மின்சாரம் யாருக்கு என்பது தெரிந்துவிடும்.

வெயில் பொதுச்சொத்து என்று எல்லாரும் சொல்கிறோம். அதைப் பிடிக்கிற கூரை யாருக்கோ சொந்தமாக இருக்கிறது. சூரிய வீட்டைப் பற்றிய நம் விவாதம் தகட்டின் சாய்வுக் கோணத்தோடு சேர்த்து மனைப் பட்டாவையும் குத்தகைச் சீட்டையும் வாசிக்கத் தொடங்கணும்.