தீர்ப்பில் இல்லாத பாத்திரம்

கதை எழுதுகிறவனுக்கு எதைப் படித்தாலும் அதில் பாத்திரங்களைத் தேடும் வழக்கம் உண்டு. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய வேலூர் தோல் தொழிற்சாலைத் தீர்ப்பையும் நான் அப்படித்தான் படித்தேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கு அது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கெடுத்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அதில் திட்டமாக எழுதினார். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதை எடுத்துக்காட்டி, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார். பாலாற்றங்கரை விவசாயிக்கு அதுவரை கிடைக்காத வக்கீல் அந்தத் தீர்ப்பு.

ஆனால் பாத்திரங்கள்? விவசாயி இருக்கிறான். முதலாளி இருக்கிறார். சர்க்கார் இருக்கிறது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவன் மட்டும் 'வேலை வாய்ப்பு' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறான். அவன் பெரும்பாலும் ஆதிதிராவிடன் அல்லது அருந்ததியன். அன்று அந்த மாவட்டத்தின் பெயரே வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தீர்ப்பில் அம்பேத்கரின் பெயர் இருக்கிறது. அவர் யாருக்காகப் போராடினாரோ அந்த மக்களைப் பற்றிய கேள்வி இல்லை.

சாதி பார்க்காமல் இருப்பதுதானே நீதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தோலைத் தொடும் வேலையை யாருக்கு என்று பிரித்துக் கொடுத்தது கோர்ட்டு அல்ல, சாதி. அந்தப் பிரிவினை ஏற்கனவே இருக்கும்போது, சட்டம் கண்ணை மூடிக்கொள்வதால் அது மறைந்துவிடாது. பின்னர் 2001-இல் நஷ்ட ஈடு கணக்கிட்டபோது கெட்டுப்போன விளைநிலமே அளவுகோல் ஆயிற்று. நிலமே இல்லாத கூலிக்காரனை அந்தக் கோலால் எப்படி அளப்பது? ஆலை நடந்தால் அவன் உடம்பு கெடுகிறது. மூடினால் கூலி போகிறது.

கேட்கக் கூடாத கேள்வி அல்ல இது. 1994-இல் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன், சுற்றுச்சூழல் கேடுகளின் சுமை சிறுபான்மையினர் மீதும் ஏழைகள் மீதும் அளவுக்கு மீறி விழுகிறதா என்று சர்க்கார் இலாகாக்கள் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2025 ஜனவரியில் அந்த உத்தரவு ரத்தாகிவிட்டது. அங்கே கேட்டு, நிறுத்திவிட்டார்கள். இங்கே கேட்கத் தொடங்கவே இல்லை.

கேட்காததற்கு விலை உண்டு. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி இரவில் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் 9 பேர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பதற்காக ஏற்பட்ட நிலையம் அது. உள்ளூர்க்காரன் இருந்த இடத்துக்கு வெளியூர்க்காரன் வந்தான், இடம் மாறவில்லை.

2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் பாலாற்றுக்காகப் பேசியிருக்கிறது. வரவேற்கிறேன். இனி வரும் திட்டம் எதுவானாலும், ஆற்றில் உப்பு எவ்வளவு என்று அளக்கும் அதிகாரி, தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் எந்தச் சேரியிலிருந்து, எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பதையும் அதே அறிக்கையில் எழுத வேண்டும்.