பெயரை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாத மென்பொருள்கள்

"ஏனுங்க தம்பி, நான் வேலைக்கு வர்றதே இல்லீன்னு பையன் போனுக்கு மெசேஜ் வந்துச்சாமா. நான் வர்லீங்களா?"

கேட்டவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சரவணம்பட்டியைச் சுற்றியிருக்கும் குளங்களில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தம் செய்யும் ஒரு சின்னக் குழுவில் நானும் இருக்கிறேன். அந்தக் குழுவுக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த ஒரே ஆள் அவர்தான். கடப்பாரையைச் சொந்தமாகக் கொண்டுவருவார். நாங்கள் வண்டியை ஸ்டேண்ட் போடுவதற்குள் ஒரு சீமைக்கருவேல மரத்தின் வேரைப் பாதி தோண்டியிருப்பார். அவர் மகனின் போனுக்கு அந்தச் செய்தியை அனுப்பியது நான் எழுதிய மென்பொருள். "கடந்த 90 நாட்களாக நீங்கள் எந்த நிகழ்விலும் கலந்துகொள்ளவில்லை. தொடர விருப்பமா?"

காரணம் ரொம்பச் சாதாரணமானது. வருகையைப் பதிவதற்கு ஒரு க்யூ.ஆர். கோடை அச்சடித்து மரத்தில் மாட்டியிருந்தோம். ஸ்கேன் பண்ணினால் வந்தவர், பண்ணாவிட்டால் வராதவர். பெரியவரிடம் பட்டன் போன்கூடக் கிடையாது. பதிவுப் படிவத்தில் மகனின் எண்ணைக் கொடுத்திருந்தார். ஆக, என் தரவுத்தளத்தின் கணக்குப்படி கடப்பாரையோடு வந்தவர் 'செயலற்றவர்'. போன மாதம் ஒரே ஒரு நாள் வந்து, ஸ்கேன் பண்ணி, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனவர் 'செயலில் உள்ளவர்'.

அடுத்த மூன்று வாரம் அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று. காபி கொடுத்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிழை என் நிரலில் மட்டும்தான் இருக்கிறதா, இல்லை இந்த வகை மென்பொருள்கள் எல்லாவற்றிலுமே இருக்கிறதா என்ற கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. அதனால் தன்னார்வலர் மேலாண்மைக்கென்று இதுவரை எழுதப்பட்டவற்றில் வெளிப்படையாகக் கிடைக்கிறவற்றைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படிக்கிறேன். அந்த வாசிப்பில் எழுந்த குறைகளே இந்தப் பதிவு. என் நிரல் மீதான குறைகளும் இதில் சேர்த்திதான்.

இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் ஐ.டி. ஆட்கள் பலர் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் 'சஹனா', சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதற்கு வீடாக இருந்தது. பி.எச்.பி.யிலும் மை.எஸ்.க்யூ.எல்.லிலும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். 2005-ல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006-ல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம் என்று எல்லா இடத்திலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006-ம் ஆண்டு விருதை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சஹனாவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதை வாங்கியது விக்கிப்பீடியா. நம் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்த காரியம், ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் யாரும் இதைச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அது போகட்டும்.

சஹனாவின் ஆரம்பகால வடிவத்தில் முக்கியமாக நான்கு பகுதிகள்: காணாமல் போனவர்கள், உதவி செய்யும் அமைப்புகள், முகாம்கள், தேவைகளும் அவற்றைத் தீர்க்க வந்த பொருட்களும். பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தன்னார்வலர்களாலேயே எழுதப்பட்ட ஒரு மென்பொருளில் தன்னார்வலர்களுக்கு ஒரு அட்டவணை இல்லை. அந்தப் பகுதி பிறகுதான் வந்தது. அதில் பெரும்பங்கு அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள டிரினிட்டி கல்லூரியின் மாணவர்களுடையது. மனிதநேயத் தேவைகளுக்கான திறந்தமூல மென்பொருள் என்று 2006 வாக்கில் அங்கே தொடங்கிய திட்டத்தில் அவர்கள் அதை எழுதினார்கள்.

முதலில் வராமல் போனதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பிணங்கள் கரை ஒதுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் காணாமல் போனவர் பட்டியல்தான் முதலில் வரவேண்டும். என் குறை, அது பிறகு வந்த விதம் பற்றியது. பெயர், திறமைகள், எந்த நேரத்தில் வர முடியும், எந்தத் திட்டத்துக்கு ஒதுக்குவது. முகாமில் போர்வை எத்தனை, தண்ணீர் கேன் எத்தனை என்று எண்ணிய அதே பார்வை மனிதர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. இருப்பில் உள்ள சரக்கு, தேவைப்படும் இடம், அனுப்பு. இதற்குப் பின்னால் வந்த பல மென்பொருள்களும், நான் எழுதியதும், இதே எலும்புக்கூட்டின் மேல் கட்டியவைதான். ஒரு போர்வை "எனக்கு ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கேட்காது. மனிதர் கேட்பார், பெரும்பாலும் வாயைத் திறந்து கேட்காமல், வருவதை நிறுத்திக் கேட்பார்.

இந்த இடத்தில் எனக்கு மொய் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்காதீர்கள், யோசித்துத்தான் சொல்கிறேன். கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு ஒருவர் எழுதுவார்: ஊர், பெயர், தொகை. மூன்றே புலங்கள். ஆனால் அந்த நோட்டு இருப்பது எண்ணிப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு இல்லை. அன்னூரிலிருந்து வந்து 500 ரூபாய் வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் நோட்டை எடுத்துப் பார்த்து, குறையாமல் திருப்பிச் செய்யவேண்டும். செய்யாவிட்டால் பேச்சு வரும். வாங்கியவரைக் கடன்காரர் ஆக்கும் பதிவேடு அது. நம் தன்னார்வலர் மென்பொருள்களோ கொடுத்தவரை எண்ணிக்கை ஆக்குகின்றன. எட்டு புலங்களை நிரப்பச் சொல்லி, ஓ.டி.பி. கேட்டு, ரத்த வகைகூடக் கேட்டு, கடைசியில் "பதிவுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகின்றன. அடுத்து பேசவேண்டியது யார், எந்தத் தேதிக்குள் என்ற புலம் நான் பார்த்தவற்றில் அநேகமாக இல்லை. என்னுடையதில் நிச்சயமாக இல்லை.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தைப் பாருங்கள். கேரளா ரெஸ்க்யூ தளத்தை ஜாங்கோவில் சில நாட்களுக்குள் எழுதி, கிட்ஹப்பில் திறந்து வைத்து, மாநில ஐ.டி. மிஷனோடு சேர்ந்து ஓட்டினார்கள். நிரலாக்கமாகப் பார்த்தால் மிகப் பெரிய சாதனை, அதில் சந்தேகமே கிடையாது. உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களோடு, உதவி செய்ய வருபவர்களுக்கும் அதில் ஒரு படிவம் இருந்தது. ஆனால் தளத்தை உண்மையில் பயனுள்ளதாக ஆக்கியது அந்தப் படிவம் இல்லை. ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு "இன்னும் மாடியில்தான் இருக்கிறீர்களா, ஆட்கள் வந்தார்களா?" என்று கேட்டு, ஒரே ஆளுக்கு நாலு முறை பதிந்திருந்ததைக் கழித்தவர்கள் இருந்தார்கள். பலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தபடி போனும் கையுமாக உட்கார்ந்தவர்கள். அந்த வெள்ளத்தில் அதிகம் பேசப்பட்ட தன்னார்வலர்கள் யார்? மீனவர்கள். கொல்லத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் போனவர்கள். அரசுக் கணக்கில் நாலாயிரத்துக்கும் மேல். அவர்களை அழைத்தது கடற்கரைப் பங்குத்தந்தையும் மீன்வளத்துறையும் பக்கத்து வீட்டுக்காரரும். "திறமைகள்" என்ற கீழ்விரி பட்டியலில் "எனக்கு வள்ளம் ஓட்டத் தெரியும்" என்று ஒருவர் டிக் அடித்து நடந்த காரியம் இல்லை அது. ஏற்கனவே ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒருவர் சொன்னால் இன்னொருவர் தட்ட முடியாதவர்கள். என் தரவுத்தளத்தில் இதற்குப் புலமே இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணமும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கணினியே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. கிட்டத்தட்ட 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், எல்லாம் இணையப் பதிவில் தொடங்கி, வேலை நடந்தது செயலி வழியாக. அது ஓடியது. ஏன் ஓடியது என்றால், என் அபிப்பிராயத்தில், பதிந்தவருக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு திட்டவட்டமான பதில்: உங்கள் தெரு, மாலை 5 மணிக்கு மேல், ஏறக்குறைய 20 பிள்ளைகள், அதே பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு உழைப்பை வாங்கிவிட்டு 'தன்னார்வலர்' என்று கூப்பிடலாமா என்ற சண்டை நியாயமானது, அதைத் தனியாக எழுதவேண்டும். மென்பொருள் விஷயத்தில் மட்டும் பார்த்தால், நாம் தேடும் 'பதில்' அங்கே மென்பொருளுக்கு வெளியே, தெருவில் தயாராக இருந்தது.

ஒரு இடைச்செருகல். குளத்து வேலைக்கு ஆள் வராத பிரச்சினை இன்று நேற்று வந்ததில்லை. குடிமராமத்துக்கு வரவேண்டியவர்களை வரவைக்கவும் சேர்த்துத்தான் 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வழக்கப்படி வேலைக்கு வரக் கடமைப்பட்டவர் வராவிட்டால் அதைப் பணமாகப் பிடிக்க அதில் வழி இருந்தது. வெள்ளைக்காரன் அபராதம் போட்டான், நான் தானியங்கிச் செய்தி அனுப்பினேன். இரண்டு பேருக்கும் கிடைத்த பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, நான் ஏன் க்யூ.ஆர். கோடு மாட்டினேன்? நேர்மையாகச் சொன்னால், குளத்துக்காக இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ம் பிரிவு வந்த பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சத்தி ரோட்டு ஐ.டி. பார்க்குகளிலிருந்து ஒரே நிற டீ-ஷர்ட்டில் ஆட்கள் வருவது அதற்குப் பிறகு கூடியது. வரட்டும், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் வருகிறவர்களின் நிறுவனங்களுக்கு அறிக்கை வேண்டும்: எத்தனை பேர், எத்தனை மணிநேரம். அந்த அறிக்கைக்காகத்தான் என் முகப்புத் திரையில் பெரிய எழுத்தில் 'மொத்த மணிநேரம்' ஓடியது. படத்தில் பார்க்க நன்றாக இருந்தது. குழுவை உண்மையில் நடத்துகிற அக்கா, இரண்டாவது வாரத்துக்குப் பிறகு அந்தத் திரையைத் திறக்கவே இல்லை என்பது லாக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் 80 பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டை ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். "மாமியாருக்கு ஆஸ்பத்திரி, தை வரைக்கும் கேக்க வேண்டாம்." "இவரைக் கேட்டா தம்பியும் வருவான்." "பாண்டு சட்டி 4 இவங்க வீட்ல இருக்கு." "போன வாரம் வெயில்ல மயக்கம், நிழல் வேலை மட்டும்." நான் மூன்று மாதம் உட்கார்ந்து வடிவமைத்த அட்டவணையில் இதில் ஒன்றைக்கூடப் போட இடமில்லை. செல் எண்ணைத்தான் தனி அடையாளமாக வைத்திருந்தேன். அம்மாவும் மகளும் ஒரே போனை வைத்திருந்த வீட்டில், மகளைப் பதிந்ததும் அம்மா காணாமல் போயிருந்தார். அக்காவின் நோட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"இதை முதல்லயே காட்டியிருக்கலாமேக்கா?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லையே சாமி."

இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். உள்நுழைவு, ஓ.டி.பி., க்யூ.ஆர். மூன்றும் போய்விட்டன. ரத்த வகை, பிறந்த தேதி புலங்களை அழித்துவிட்டேன். ஒருமுறைகூடப் பயன்படாத தகவலை வைத்திருப்பது 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையிலும் சரியில்லை, பொதுவாகவே அநாகரிகம். செல் எண் கட்டாயமில்லை. அதற்குப் பதில் 'யார் மூலம் சொல்வது' என்று ஒரு புலம். 'செயலற்றவர்' என்ற நிலையை நிரலிலிருந்தே எடுத்தாயிற்று. சனிக்கிழமை மாலை ஒரே ஒரு ஏ-4 தாள் அச்சாகும்: நாளைக்கு யாரிடம் பேசவேண்டும், கடைசியாக அவரிடம் பேசியது யார், அவர் கேட்டு நாம் பதில் சொல்லாதது என்ன. அந்தக் கடைசிப் பத்தி காலியாகும் வரை அந்தப் பெயர் ஒவ்வொரு வாரமும் தாளின் மேலேயே வந்துகொண்டிருக்கும். அக்கா அதைப் பார்த்து போன் பண்ணுகிறார், பேனாவால் கிறுக்குகிறார், ஞாயிறு மாலை நான் உள்ளே ஏற்றுகிறேன். இதுவும் முழுமை இல்லை. அக்கா இரண்டு மாதம் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை இருக்கிறது, ஏனென்றால் தாளை அச்சடிக்கலாம், அந்தக் குரலில் "வாங்க சாமி" என்று கூப்பிட வேறு ஆள் இன்னும் அமையவில்லை.

முதல் நாள் பதிவு செய்து, அதன்பிறகு எங்களிடமிருந்து "பதிவுக்கு நன்றி" தவிர எதுவும் கேட்காதவர்கள் 212 பேர் பழைய அட்டவணையில் இருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் தினம் நாலைந்து பேரைக் கூப்பிடுகிறேன். பாதிப்பேருக்கு எங்களை நினைவில்லை. கணபதியிலிருந்து ஒரு அம்மா மட்டும் டக்கென்று பிடித்துக்கொண்டார்: "அன்னிக்கு மம்பட்டியெல்லாம் வாங்கி வெச்சனுங்க. ஒருத்தரும் கூப்புடல. இப்பக்கூட திண்ணைலதான் கெடக்குது, எடுத்துட்டு வரட்டுங்களா?" அந்த அம்மாவின் பெயர் இந்த வாரத் தாளில் இருக்கிறது. கூப்பிட வேண்டியவர்கள் இன்னும் 130 பேர்.